கையோடு வந்த தோல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வருகிற பூனைகளில் பெரும்பாலானவை நாட்டுப் பூனைகள்தான். துறைமுகம் பக்கத்தில், தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, முதுநகர் என்று மீன் வாசனை இருக்கும் இடமெல்லாம் பூனை இருக்கும். பூனை இருக்கும் இடமெல்லாம் சண்டைக் காயம் இருக்கும். கடி பட்டுச் சீழ் கோத்தது, கம்பியில் கிழித்துக்கொண்டது, பைக்கில் அடிபட்டது என்று வாரத்துக்கு நாலைந்தாவது பார்ப்பேன். அதனால் கிழிந்த தோலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் ஒரு அம்மா, பழைய சேலை விரித்த கூடையில் ஒன்றரை வயதுக் கடுவன் ஒன்றைக் கொண்டு வந்தார். பெயர் வெள்ளையன். இடது விலாவில் நாலு விரல் அகலத்துக்குத் தோல் பிளந்து, வாய் திறந்த மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய காயத்தில் ரத்தம் ஏறக்குறைய இல்லை. அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், "வெந்நீர் ஏதும் ஊத்திட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்களாம், முன்பு காட்டிய இடத்திலும் ஒழுங்காகச் சோறு போட்டு வளர்க்கச் சொல்லித் திட்டி அனுப்பினார்களாம்.

அதற்குள் வெள்ளையன் மேஜையிலிருந்து குதிக்கப் பார்த்தான். படித்த காலத்திலிருந்து பழகிய கை, யோசிப்பதற்கு முன்பே அவன் பிடரியைக் கொத்தாகப் பிடித்துவிட்டது. தாய்ப்பூனை குட்டியை அப்படித்தானே தூக்குகிறது, பிடித்தால் அடங்கிவிடும் என்றுதானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் விரல்களுக்கு அடியில் நைந்த வேட்டி கிழிவது போல ஒன்று நகர்ந்தது. கையை எடுத்துப் பார்த்தால் கழுத்தில் இன்னொரு வாய் திறந்திருந்தது. பத்து வருடமாகப் பூனை பிடிக்கிறேன், என் கையால் ஒரு பூனையின் தோல் கிழிந்தது அன்றுதான்.

"இப்படித்தான் டாக்டரம்மா, தொட்டாலே வந்துடுது. நான் ஒண்ணுமே பண்ணல" என்றார் அந்த அம்மா. என்னைக் கோபித்துக்கொள்ளாமல், கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்கிற மாதிரி அவர் அதைச் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

மயக்க ஊசி போட்ட பிறகுதான் அவனை முழுதாகப் பார்த்தேன். முடியை விலக்கினால் முதுகிலும் தொடையிலும் வெங்காயச் சருகு போலப் பளபளவென்று மெல்லிய தழும்புகள். முதுகுத் தோலை மெதுவாக, மிக மெதுவாக, மேலே இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. மடித்துத் தூக்கிய தோலின் உயரத்தை, பின்னந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பூனைக்கு 19 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். வெள்ளையனின் நீளம் 34 சென்டிமீட்டர், தோல் 9 சென்டிமீட்டர் வந்தது. 26 சதவீதத்துக்கும் மேல். தையல்கடை டேப் ஒன்று போதும் இதற்கு, அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஏலர்ஸ் தான்லோ நோய் என்று இதைச் சொல்வார்கள். 1901-ல் டென்மார்க் மருத்துவர் எட்வர்ட் ஏலர்ஸும் 1908-ல் பிரான்ஸில் தான்லோவும் மனிதர்களிடம் விவரித்தது, நாய் பூனைகளுக்கும் வருகிறது. பிறவியிலேயே கொலாஜன் சரியாக அமையாமல் போவதுதான் பிரச்சினை. தோலுக்கும் மூட்டுக்கும் உறுதி கொடுக்கிற புரத நார் அது. ஐந்தாம் வகைக் கொலாஜன் அளவில் கொஞ்சம்தான், ஆனால் மற்ற நார்கள் எந்தத் தடிமனில் அமைய வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதற்கான மரபணுவில் பிழை இருப்பதைச் சில பூனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வயதான பூனைக்குத் திடீரென்று தோல் இப்படி நைந்தால் அது வேறு கதை, அட்ரினல் சுரப்பி, கல்லீரல் என்று தேடிப்போக வேண்டும். அதில் தோல் கிழியும், ஆனால் இப்படி ரப்பர் மாதிரி இழுபடாது. இவனுக்கோ குட்டியாக இருக்கும்போதிருந்தே இப்படித்தான்.

மறுநாள் அந்த அம்மாவின் கணவரும் வந்தார். கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர். நான் நார், தடிமன் என்று தடுமாறிச் சொல்லி முடித்ததும், "நூல் மெல்லிசும் தடிசுமா கலந்து கிடந்தா வலை எப்படிங்க தாங்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த நோயை யாருக்கு விளக்கினாலும் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

தைப்பதும் லேசாக இல்லை. ஓரத்தை ஒட்டி ஊசி போட்டால் நூலே தோலை அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறது, காயத்தை விட்டுத் தள்ளி, மெல்லிய நூலில், இறுக்காமல் போட வேண்டியிருந்தது. முடி எடுக்க மெஷின் வைக்கவில்லை, கத்தரிக்கோல்தான். பிளாஸ்டர் ஒட்டினால் உரிக்கும்போது தோலும் வரும், அதனால் துணிக்கட்டுதான். ஆனால் ஆச்சரியம், இந்தத் தோல் கிழிவது போலவே ஆறுவதிலும் பெரிதாகத் தாமதிப்பதில்லை. பிடரியில் நான் போட்ட காயமும் ஆறி, இன்னொரு வெங்காயச் சருகு ஆனது.

குணப்படுத்த மருந்து இல்லை என்பதை அவர்களிடம் நேராகவே சொன்னேன். வைட்டமின் சி சிலர் கொடுத்துப் பார்க்கிறார்கள், பலன் ஒரே மாதிரி இல்லை. மிச்சமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. கூரைத் தகட்டின் கூர்மையான ஓரத்தில் சாக்கு சுற்றினார்கள், வேலிக்கம்பியை மடக்கினார்கள். தெள்ளுப்பூச்சி வந்தால் சொறிந்தே கிழித்துக்கொள்வான் என்பதால் மாதாமாதம் மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம். தூக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போல. வெளியே விடாமல் வைப்பதுதான் பெரும்பாடு. மீன் வாசனை வீதியில் இருக்கும்போது எந்தக் கடுவன் வீட்டுக்குள் கிடப்பான்? கருத்தடை செய்த பிறகு அலைச்சலும் சண்டையும் நன்றாகவே குறைந்தன. கருத்தடைக்கு முக்கியமான காரணம் வேறு. நோய் ஓங்கு வகையாக, அதாவது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பிழையான மரபணு வந்தாலே போதும் என்கிற வகையாக இருந்தால், நோயுள்ள ஒரு பூனையின் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு இது போகும். இவன் குட்டி போட வைத்தால் அந்தத் தெருவே இதைச் சுமக்கும்.

இப்போது எந்தப் பூனை வந்தாலும் என் கை பிடரிக்குப் போவதில்லை. துண்டில் சுற்றிப் பிடிக்கிறேன், உதவிக்கு நிற்கும் பையனுக்கும் அதையே பழக்கியிருக்கிறேன். காயத்தோடு வரும் பூனையை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் தோலை ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன்.

வெள்ளையனுக்கு இப்போது ஐந்து வயது. அவனோடு பிறந்த பெட்டை ஒன்று சிங்காரத்தோப்பில் உறவுக்காரர் வீட்டில் வளர்கிறது, அதற்கும் அடிக்கடி கிழிகிறதாம். ஆபரேஷன் என்றால் அவர்களுக்குப் பயம், போன மாதம் மூன்று குட்டி போட்டுவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு நானே போகிறேன், அந்த அம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.