அட்டைப்பெட்டியோடு போன டெமோ

ஒரு சுவிட்ச் வகைக்குக் கணினி மைனஸ் 37 என்று காட்டியது. அலமாரியில் 17 இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன், 17தான். மின்சாமான் உதிரிகள் விற்கிற எங்கள் வியாபாரத்துக்குத் தனியாக ஒரு பார்கோடு டேட்டாபேஸ் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு முழுநாள் ஆனது. பத்து சுவிட்ச் கொண்ட பெட்டி ஆறு வந்திருந்தது. பெட்டிமேல் ஒரு பார்கோடு, உள்ளே ஒவ்வொரு சுவிட்ச்மேலும் வேறொரு பார்கோடு. வரவு வைத்த பையன் பெட்டிகளை ஸ்கேன் செய்தான், கணக்கில் 6 ஏறியது. விற்கும்போது ஒவ்வொன்றாக 43 போனது. அவன்மேல் தப்பில்லை. ஒரு பொருளுக்கு ஒரு கோடுதான் என்று நம்புகிற மென்பொருளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்?

முதலில் பழைய பட்டியலை எக்செலில் எடுத்துச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன். அது இன்னொரு வம்பு. 13 இலக்கக் கோடுகளை எக்செல் எண் என்று எடுத்துக்கொண்டு 5.01234E+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கோப்பிலும் அதுவே எழுதப்படும். கடைசி இலக்கங்கள் போனதுதான். ஒரே கம்பெனியின் பொருள்களுக்கு முதல் சில இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கும் என்பதால், திரும்பத் திறந்தபோது நாற்பது பொருளுக்கும் ஒரே எண். சுழியத்தில் ஆரம்பிக்கிற 12 இலக்கக் கோடுகளில் முன்சுழியமும் காணாமல் போயிருந்தது. பார்கோடு பார்க்கத்தான் எண், கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. அதை எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும். நல்லவேளை, மூலக் கோப்பு இருந்தது.

அப்புறம் மென்பொருள் விற்கிறவர்கள் செய்து காட்டுகிற டெமோக்கள். முதல் இரண்டுக்கும் வெறும் கையோடு போய் உட்கார்ந்தேன். அவர்கள் கொண்டுவந்த மாதிரிப் பொருளை ஸ்கேன் செய்தார்கள், பீப் என்றது, திரையில் படம் வந்தது, நானும் தலையாட்டினேன். வெளியே வந்ததும்தான் உறைத்தது: பீப் சத்தம் ஸ்கேனருடையது, டேட்டாபேஸுடையது அல்ல. பெரும்பாலான ஸ்கேனர்கள் ஒரு விசைப்பலகை மாதிரிதான் வேலை செய்கின்றன. எண்ணைத் தட்டெழுதிக் கடைசியில் என்டர் அழுத்தும், அவ்வளவுதான். அந்தப் பகுதி எல்லா மென்பொருளிலும் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவது டெமோவுக்கு ஒரு பை கொண்டுபோனேன். பிரிக்காத சுவிட்ச் பெட்டி ஒன்று, பாதி வெட்டி விற்ற ஒயர் சுருள், லேபிள் கிழிந்த ஒரு ஹோல்டர். பெட்டியை நீட்டி, "இதை வரவு வையுங்கள், பிறகு உள்ளேயிருந்து ஒன்றை விற்றுக் காட்டுங்கள்" என்றேன். ஸ்கேன் செய்ததும் அந்த என்டரிலேயே படிவம் சேமிக்கப்பட்டுவிட்டது, எத்தனை என்று கேட்கவே இல்லை. காட்டியவர் சிரித்து மழுப்பினார். ஸ்கேனர் கையேட்டில் இருக்கிற ஒரு கோட்டை ஸ்கேன் செய்து என்டரை, அடுத்த கட்டத்துக்குத் தாவுகிற டேப் விசையாக மாற்றிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் பெட்டிக்குத் தனிப் பொருளாகவே பதிவு போடுங்கள், மாதக் கடைசியில் கையால் மாற்றிக்கொள்ளலாம் என்றாரே, அங்கே எழுந்துவிட்டேன்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது இரண்டே பேர் கொண்ட குழுவை. மலிவு என்பதற்காக அல்ல. அவர்கள் திரையைக் காட்டாமல் காகிதத்தில் கட்டம் போட்டார்கள். பொருளுக்கு எங்கள் சொந்த எண் ஒன்று. பார்கோடுகள் தனி அட்டவணையில். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தப் பொருள், ஸ்கேன் செய்தால் எத்தனை. சுவிட்ச் கோடு 1, பெட்டிக் கோடு 10. கம்பெனி கோட்டை மாற்றினால் ஒரு வரி கூடும், பழைய கணக்கு கலையாது. இருப்பு என்று ஒரு கட்டத்தில் எண்ணை அழித்து அழித்து எழுதுவதும் கிடையாது. வரவு, விற்பனை, திரும்பியது, உடைந்தது என்று ஒவ்வொரு அசைவும் ஒரு வரி. யார், எப்போது என்பதோடு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் இருப்பு. பேரேடு எழுதிப் பழகிய யாருக்கும் இது புதிதில்லை.

கையால் அடிக்கும் கோடுகளுக்குச் சோதனை வேண்டும் என்று கேட்டேன். 13 இலக்கக் கோட்டில் கடைசி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த இலக்கம். ஓர் இலக்கம் தப்பாக விழுந்தால் கட்டாயம் மாட்டும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் (1, 6 மாதிரி) தப்பித்துவிடும். அந்த இருவரில் அதைச் சொன்ன பெண் சொல்லும்போதே காகிதத்தில் போட்டும் காட்டினார். அங்கேயே பாதி முடிவு செய்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் சண்டை. இருப்பு சுழியத்துக்குக் கீழே போகவே கூடாது, பில் போட விடக்கூடாது என்பது அவர்கள் கட்சி. சரக்கு வந்து இறங்கியிருக்கும், வரவு இன்னும் வைத்திருக்க மாட்டோம், வாங்குபவர் எதிரே நிற்பார். அவரைத் திருப்பி அனுப்புவதா? விடுங்கள், ஆனால் சிவப்பில் காட்டுங்கள் என்றேன். அப்படியே ஆனது. ஒயர் எளிதாக முடிந்தது: எண்ணிக்கை இல்லை, மீட்டர்தான். தரவு முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் நாங்களே இறக்கிக்கொள்ளலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

மென்பொருள் தயாரானதைவிடப் பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் அதிக நாள் பிடித்தது. ஒரே ஹோல்டர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பொருளாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் லேபிள். மை இல்லாமல் சூட்டிலேயே எழுத்து கறுக்கிற நேர்த்தெர்மல் தாளில் அடித்தவை ஜன்னலோர அலமாரியில் வெளிறிவிட்டன; அங்கே மட்டும் ரிப்பன் போட்டு அடிக்கிற வகைக்கு மாறினோம்.

ஒரு ஞாயிறு முழுக்கக் குடோனை எண்ணி ஆரம்ப இருப்பு ஏற்றினோம். மாதக் கடைசியில் மறுபடி எண்ணியபோது அதே சுவிட்ச் பத்து அதிகமாக இருந்தது. வரவே இல்லாமல் எப்படிப் பத்து கூடும்? ஒவ்வொரு வரியாக மேலே போய்ப் பார்த்தோம், எல்லாம் சரி. எண்ணிய ஞாயிறன்று ஒரு பெட்டி என் வண்டியில் இருந்தது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. டெமோ பை. வண்டியைத் துடைத்த நாளில் நானே எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பேரேட்டில் இப்போது என் பெயரில் ஒரு வரி இருக்கிறது: கூடுதல் 10, காரணம், டெமோவுக்குப் போய்த் திரும்பியது.