ஆஸ்திரேலியாவுக்கு வரியில்லை, ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வரவேண்டுமே

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம், நாங்கள் 'எக்டா' என்று சொல்வது, 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி டிசம்பர் 29 முதல் அமலுக்கு வந்தது. அதுவரை நம் பனியனுக்கு அங்கே 5 சதவீத இறக்குமதி வரி. சீனாவின் ஒப்பந்தம் 2015 டிசம்பரிலேயே அமலாகிவிட்டது. பங்களாதேஷுக்கோ வளர்ச்சி குறைந்த நாடு என்ற சலுகை. நமக்கும் வரி போனதில் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். சரி, ஆனால் அந்தச் சலுகை சரக்கோடு தானாகப் போய்ச் சேராது. சரக்கு இந்தியாவில் தயாரானதுதான் என்று காட்டும் ஒரிஜின் சர்டிபிகேட் வேண்டும்.

ஆன்லைனில் பதிவு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் எல்லாம் சுலபமாக முடிந்தன. மாட்டிக்கொண்டது காஸ்ட் ஷீட்டில், அதாவது சரக்குக்கு எதற்கு எவ்வளவு செலவானது என்று காட்டும் கணக்கில்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. துணி வாங்கிய பில்லை இணைக்கச் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி கேட்டார்:

"துணி பில் எங்கம்மா?"

"நாங்க துணி வாங்கறதில்லைங்க சார். நூல் வாங்கி ஓட்டிக்கறோம்."

"அதெல்லாம் சரிங்க. துணி பில் வேணும்."

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறார்! நூல் ஒரு மில்லில், நிட்டிங் ஓரிடத்தில், சாயம் வேறொரு பட்டறையில், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் இன்னொருவரிடம், பிரிண்டிங் அடுத்த தெருவில். எல்லாமே ஜாப் ஒர்க், அதாவது நம் பொருளைக் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது. துணி எங்களுக்குச் சொந்தமான நூலிலிருந்து வருகிறது, அதற்கு விற்பனை பில் எங்கிருந்து வரும்? அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் சரக்கை வாங்கும் பையரோ தினமும் மெயில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் வேறு வழியில் போனேன். நூல் பில்லில் தொடங்கி, ஒவ்வொரு ஜாப் ஒர்க்கரின் டெலிவரி சலானையும் கூலி பில்லையும் வரிசையாக அடுக்கினேன். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது, கழிவு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டேன். சாயப்பட்டறைக்காரர் சலானைத் தேடி எடுக்க அலுத்துக்கொண்டார், பாவம். அதே அலுவலகத்தில் மூத்த அதிகாரி ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே குடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார். முதலில் யாரும் இதைக் கேட்கவே இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, சான்றிதழ் இன்னும் அவர் பக்கம்தான் இருந்தது.

அதனால், ஜாப் ஒர்க் சலான்களை ஆர்டர் வாரியாக அன்றன்றே எடுத்து வையுங்கள். கப்பல் போன பிறகு தேடினால் பாதி கிடைக்காது.

இன்னொரு தொல்லை, ஹெச்.எஸ். கோடு, அதாவது சரக்கு எந்த வகை என்று கஸ்டம்ஸுக்குச் சொல்லும் எண். நாங்கள் டி-ஷர்ட் என்று 6109-ல் போட்ட ஒரு ஸ்டைலை, அங்கே பையரின் கஸ்டம்ஸ் புரோக்கர் 6110, அதாவது ஸ்வெட்டர், புல்ஓவர் வகை என்றார். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையென்றால் சலுகை நிற்கும். அந்த புரோக்கரிடம் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். கொழும்பில் கப்பல் மாறும் சரக்கு என்றால், தூத்துக்குடி முதல் ஆஸ்திரேலியத் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வாங்கிவிடுங்கள். நடுவில் சரக்கு கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டை விட்டு வெளியே வரவில்லை என்று காட்ட அதுதான் உதவும். அங்கே உள்ள 10 சதவீத ஜி.எஸ்.டி. இந்த ஒப்பந்தத்தால் போகாது, அதையும் பையரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சான்றிதழ் போன பிறகு பையர் நன்றி சொன்னார். மிச்சமான வரி முழுக்க அவர் பைக்குத்தான் போனது. அடுத்த ஆர்டரில் பீஸுக்குக் கொஞ்சம் விலை கூட்டிக் கேட்டோம். பாதிக்கு ஒத்துக்கொண்டார்.