குடியேற்ற கிளினிக் எடுக்கப்போகும் சட்ட மாணவர்களுக்கு

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கிளினிக் என்று ஒரு பாடம் உண்டு. வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில், கட்டணம் வாங்காமல், மாணவரே வழக்கை நடத்தலாம். குடியேற்ற நீதிமன்றத்தில் மாணவர்கள் வாதாடவும் விதியில் இடமிருக்கிறது. கலிபோர்னியாவில் இப்படியொரு கிளினிக்கில் ஆவணமில்லாத பிள்ளைகளின் வழக்குகளைப் பார்த்தேன். அதில் சேரலாமா என்று கேட்கும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சேருங்கள். ஆனால் அதற்கு முன் மாநிலக் குடும்பச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். நான் பார்த்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்காவிலேயே தங்க இருந்த வழி, 1990-இல் வந்த 'சிறப்புக் குடியேற்றச் சிறார்' தகுதிதான். அதற்கான முதல் படி மாநில நீதிமன்றத்தில் இருக்கிறது. பிள்ளையை ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்து, கொடுமையாலோ புறக்கணிப்பாலோ கைவிட்டதாலோ பெற்றோரில் ஒருவரோடோ இருவரோடுமோ மீண்டும் சேர முடியாது, சொந்த நாட்டுக்குத் திரும்புவது பிள்ளையின் நலனுக்கு உகந்ததல்ல என்று அந்த நீதிபதி எழுத வேண்டும். அந்த உத்தரவு கையில் இருந்தால்தான், இந்தத் தகுதி கேட்டுக் குடியேற்ற அதிகாரிகளிடம் போடும் ஐ-360 மனுவுக்கு உயிர். அதில் ஒரு வரி குறைந்தாலும் மனு தடுமாறும்.

கோப்பைத் திறந்ததும் பிறந்த தேதியைப் பாருங்கள். திருமணமாகாதவராக, 21 வயது முடிவதற்குள் மனு போட்டாக வேண்டும். பல மாநிலங்களில் சிறார் நீதிமன்றத்தின் அதிகாரம் 18 வயதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். கலிபோர்னியாவில் 2016 முதல் 21 வயதுக்குள் இருப்பவருக்கும், அவர் சம்மதித்தால், பாதுகாவலர் நியமிக்கலாம்.

அப்புறம், பேட்டி எடுக்கும் விதம். இதைத்தான் எந்த வகுப்பும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. "ஏன் ஊரைவிட்டு வந்தாய்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். யார் சமைத்துப் போட்டார்கள், பள்ளிக்கு யார் பணம் கட்டினார்கள், காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போனார்கள் என்று கேளுங்கள். அப்பா கைவிட்டார் என்பதற்கான சாட்சியம் அந்தப் பதில்களில்தான் கிடைக்கும். குவாத்தமாலாவிலிருந்து வரும் பிள்ளைகளில் மாம் போன்ற மாயன் மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உண்டு. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்று விட்டுவிடாமல், வீட்டில் என்ன மொழி பேசுவாய் என்று கேட்டுவிடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டுச் சிறார் நீதிமன்றத்தில் நிற்கும் பிள்ளைக்கு வழக்கறிஞர் உரிமையை 1967-இல் கால்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வசதியில்லை என்றால் அரசே நியமிக்க வேண்டும். அதே பிள்ளை குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போனால், எதிரே அரசு வழக்கறிஞர் இருப்பார்; பிள்ளைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை கிடையாது. எத்தனை சின்ன வயதானாலும் இதே நிலைதான். இது அநியாயம். நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணமே இதுதான்.

இரண்டு நீதிமன்றங்களையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். சிறார் நீதிமன்றத் தீர்ப்பு குடியேற்றச் சட்டத்தில் 'தண்டனை' ஆகாது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2000-இல் சொன்னது. இதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். போதைப்பொருள் விற்றார் என்று நம்பக் காரணம் இருந்தாலே பச்சை அட்டை மறுக்கப்படலாம். அதற்குத் தண்டனை தேவையில்லை. ஆகவே, பிள்ளை குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வதற்கு முன்பே சிறார் வழக்கறிஞரிடம் பேசுங்கள். எந்தப் பிரிவில், என்ன வார்த்தைகளில் ஒப்புக்கொள்கிறார் என்பது பின்னால் பெரிய வித்தியாசம் செய்யும்.

இன்னொன்று, கலிபோர்னியாவில் சிறார் வழக்குக் கோப்பு ரகசியமானது. சிறார் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அதைக் குடியேற்ற அதிகாரிகளிடம் கொடுக்கக் கூடாது. அதிகாரி கேட்டார் என்பதற்காகக் காவல்துறை அறிக்கையை மனுவோடு இணைத்துவிடாதீர்கள். முதலில் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

மனு ஏற்கப்பட்டாலும் பச்சை அட்டைக்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும். உங்கள் செமஸ்டர் அதற்கு முன்பே முடிந்துவிடும். அடுத்த மாணவருக்கு விட்டுப்போகும் குறிப்பில் கெடு தேதிகளோடு, பிள்ளை எந்த நேரத்தில் போனை எடுப்பார், எந்தக் கேள்விகளை ஏற்கெனவே கேட்டாயிற்று என்பதையும் எழுதிவையுங்கள். பட்ட கொடுமையை ஒவ்வொரு புது மாணவரிடமும் அந்தப் பிள்ளை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.