டேப்லெட்டுக்கு ஜிபிஎஸ் ரிசீவர்: சிப்பைப் பார்ப்பதற்கு முன்

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. ஐபேடிலும் சிம் வசதி உள்ள வகையில்தான் இருக்கிறது, வைஃபை வகையில் இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையை வைத்துக் கையடக்கக் கணினி கட்டுகிறவர்களுக்கும் ரிசீவரைத் தனியாக வாங்குவதைத் தவிர வழியில்லை. விற்பனைப் பக்கங்கள் 50 சேனல், 72 சேனல் என்று எண்ணைப் பெரிதாகப் போடும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரிசீவர் சொல்வது உங்கள் செயலிக்குப் போய்ச் சேருமா, ஆன்டெனா வானத்தைப் பார்க்குமா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். சிப் அதற்குப் பிறகுதான்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் யுஎஸ்பி ரிசீவரைச் செருகியதும் வரைபடச் செயலி இடத்தைக் காட்டிவிடாது. இடையில் ஒரு செயலி ரிசீவரின் என்எம்இஏ வரிகளை (இடத்தைச் சொல்லும் எழுத்து வடிவத் தரவு) படிக்க வேண்டும். டேப்லெட் அமைப்புகளின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அதையே 'மாக் லொகேஷன்', அதாவது வெளியிலிருந்து இடம் தரும் செயலியாகத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். பாதுகாப்புக் கருதி மாக் லொகேஷனை ஏற்க மறுக்கும் செயலிகளும் உண்டு. கள அளவீட்டுக்கு க்யூஃபீல்டு போன்ற செயலி போதும் என்றால் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். அது புளூடூத் ரிசீவரோடு நேரடியாகப் பேசும். டேப்லெட்டில் ஒரே ஒரு யுஎஸ்பி துளைதான் என்றால் ரிசீவர் செருகியிருக்கும்போது சார்ஜ் செய்வது சிக்கல். நாள் முழுக்க வெளியில் வேலை என்றால் புளூடூத் வகையே மேல். ஐபேடுக்கு வாங்குவோர் பெட்டியில் ஐஓஎஸ் ஆதரவு என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சாதாரண சீரியல் புளூடூத் ரிசீவரை ஐபேடு ஏற்காது. கார்மின் குளோ 2 இரண்டு பக்கமும் வேலை செய்யும், நொடிக்கு 10 முறை இடம் சொல்லும்.

ராஸ்பெரி பையில் வேலை எளிது. மாட்யூலின் (ரிசீவர் சிப் உள்ள சிறு பலகை) டிஎக்ஸை (அனுப்பும் முனை) பையின் 10-ஆம் பின்னுக்கும், ஆர்எக்ஸை (பெறும் முனை) 8-ஆம் பின்னுக்கும், மின்சாரத்தை 1-ஆம் பின்னுக்கும் (3.3 வோல்ட்), கிரவுண்டை 6-ஆம் பின்னுக்கும் கொடுங்கள். டிஎக்ஸை டிஎக்ஸோடு இணைத்துவிட்டு மாட்யூல் பழுது என்று நினைப்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு அமைப்புகளில் சீரியல் போர்ட்டைத் திறந்து, அதன் வழியே லாகின் வருவதை மட்டும் நிறுத்துங்கள். இதை நிறுத்தாவிட்டால் ஜிபிஎஸ் அனுப்பும் வரிகளை லினக்ஸ் கட்டளையாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அந்த வரிகளைப் படித்துத் தரும் ஜிபிஎஸ்டி நிரலுக்கு ஒன்றும் ஒழுங்காக வராது. பின்களைத் தொட விருப்பமில்லை என்றால் யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் 7 வரிசைச் சிப் உள்ள சிறு யுஎஸ்பி டாங்கிள் போதும். ஆனால் அது கணினியை ஒட்டியே நிற்கும்; கணினியின் மின்காந்த இரைச்சல் முழுவதும் அதன் மேல்தான். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டுத் தள்ளி வையுங்கள்.

ரிசீவர் தரவு அனுப்பும் வேகத்தையும் கணக்குப் பாருங்கள். 9600 பாட் என்றால் நொடிக்கு 960 எழுத்துகள். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்து 30 செயற்கைக்கோள் தெரிந்தால், அவற்றைப் பட்டியலிடும் ஜிஎஸ்வி வரிகள் மட்டுமே குறைந்தது எட்டு வரும். மற்ற வரிகளும் சேரும்போது ஒரு நொடிக்குள் அடங்காது. வரிகள் அறுபடும், இடம் விட்டுவிட்டு வரும். வேகத்தை 38400 ஆக்குங்கள், அல்லது தேவைப்படாத ஜிஎல்எல், விடிஜி வரிகளை அணைத்துவிடுங்கள்.

பழைய செயலிகளில் இன்னொரு தொல்லை. ஜிபிஎஸ் மட்டும் உள்ள ரிசீவரின் வரி 'ஜிபி' என்று தொடங்கும், பல அமைப்புகளைச் சேர்த்துக் கணிக்கும் ரிசீவரின் வரி 'ஜிஎன்' என்று தொடங்கும். முந்தையதை மட்டும் தேடும் செயலி புது ரிசீவரை ஊமை என்றே எடுத்துக்கொள்ளும். நீங்களே நிரல் எழுதினால் கோண வடிவத்தைக் கவனியுங்கள். சென்னையின் அட்சரேகை 13.0827 டிகிரி, என்எம்இஏ வரியில் அது 1304.962 என்று வரும், அதாவது 13 டிகிரி 4.962 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்டாமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 13.04962 என்று படித்தால், இடம் தெற்கே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் விலகும்.

ஆன்டெனாவுக்கு வருவோம். மலிவு மாட்யூல்களோடு வரும் 25 மி.மீ. சதுரப் பீங்கான் ஆன்டெனா தட்டையாக, முகம் மேலே பார்த்து இருக்க வேண்டும். நிமிர்த்திச் செருகினாலோ கவிழ்த்து ஒட்டினாலோ பாதி வானம் போய்விடும். அதன் அடியில் 5 முதல் 7 செ.மீ. அகலத்துக்கு உலோகத் தளம் இருந்தால் நன்றாகவே தேறும். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஆன்டெனாவுக்கு மேலே உலோகம் கூடாது. உலோகப் பூச்சுள்ள கார் கண்ணாடியும் சிக்னலைத் தடுக்கும். கம்பியோடு வரும் ஆக்டிவ் ஆன்டெனா (உள்ளேயே சிக்னல் பெருக்கி உள்ளது) வாங்கினால், மாட்யூல் அதற்கு மின்சாரம் தருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சிப். யு-பிளாக்ஸின் நியோ-6எம் ஜிபிஎஸ் சிக்னலை மட்டும் பிடிக்கும், சுமார் 40 மில்லியாம்பியர் இழுக்கும். திறந்த வெளிக்கு அது போதும். யு-பிளாக்ஸ் 7 ஜிபிஎஸ்ஸையோ குளோனாஸையோ ஒன்றை மட்டும்தான் ஒரு நேரத்தில் பிடிக்கும். கட்டடங்கள் நெருக்கமான தெருக்களில் நடப்பீர்கள் என்றால் பல அமைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் அதே நிறுவனத்தின் எம்8 அல்லது எம்10 எடுங்கள். பேட்டரியில் ஓடும் கருவிக்கு எம்10தான் என் தேர்வு. இரண்டு அலைவரிசை கொண்ட எல்1-எல்5 ரிசீவருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நம் ஊரில் வீண் அல்ல. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே செல்வதால், சூரியன் மறைந்த பிறகு வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் சிக்னலை அலைக்கழிக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். ஒற்றை அலைவரிசை ரிசீவரால் அந்தப் பிழையைத் தானாக அளந்து நீக்க முடியாது. இந்தியச் செயற்கைக்கோள் வழியே வரும் ககன் திருத்தம் கிடைத்தால் ஓரளவு தேறலாம். பெட்டியில் 'நாவிக்' (இந்தியாவின் சொந்த அமைப்பு) என்று போட்டிருந்தால் எல்5 சிக்னலைப் பிடிக்குமா என்று கேளுங்கள். எல்1-இலும் ஒலிபரப்பும் நாவிக் செயற்கைக்கோள்கள் 2023-இல் ஏவிய என்விஎஸ்-01 முதல்தான் வருகின்றன. சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுவோருக்கு செட்-எஃப்9பி போன்ற ஆர்டிகே (நிலையான இடத்து ரிசீவரின் தரவால் பிழை திருத்தும் முறை) சிப்பும், இணையம் வழியே வரும் திருத்தத் தரவும் சேர்ந்தே தேவை.

பழைய ரிசீவர் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத ரிசீவர் இடத்தைச் சரியாகவும் தேதியைச் சுமார் இருபது ஆண்டு பின்னாலும் சொல்லலாம். சிர்ஃப்ஸ்டார் 3 என்ற பழைய சிப் வகையில் 'ஸ்டாட்டிக் நேவிகேஷன்' இயக்கத்தில் இருந்தால், மெதுவாக நடக்கும்போது புள்ளி ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். அதை அணைத்துவிட்டே நடையாளர்கள் பயன்படுத்த வேண்டும்.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், மொட்டைமாடியில் வைத்துச் சோதியுங்கள். யு-பிளாக்ஸ் என்று விற்ற மாட்யூலை அந்நிறுவனத்தின் யு-சென்டர் மென்பொருளில் இணைத்துப் பதிப்புத் தகவலைக் கேளுங்கள். போலிகள் பெரும்பாலும் அங்கே பதில் சொல்லாது, அல்லது வேறு எதையாவது சொல்லும். செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது; இடையில் அறுந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் முதல்முறை ரிசீவரைக் கையில் வைத்து நடக்காதீர்கள், அசையாமல் வையுங்கள். திறந்த வானத்தில் இரண்டு நிமிடத்துக்குள் இடம் கிடைக்க வேண்டும். நான்கைந்து செயற்கைக்கோளாவது 40 டிபி-ஹெர்ட்ஸுக்கு (சிக்னல் வலுவின் அளவு) மேல் காட்ட வேண்டும். எல்லாமே 30-க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனாவையும் அதன் இணைப்பையும் பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுங்கள். ஒருசில நொடியில் இடம் வராமல் மறுபடி அரை நிமிடம் எடுத்தால், மாட்யூலில் இருக்கும் குட்டி பேக்கப் பேட்டரி செத்துவிட்டது, அல்லது இன்னும் சார்ஜ் ஆகவில்லை.