பழைய ஹாட் ராடும் அதன் பழைய பெயின்ட்டும்

1932-இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைச் சாமானியர் வாங்கும் விலையில் வெளியிட்டது. அந்தக் கார்கள் பழசாகி விலை இறங்கியதும் அவற்றை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்த இளைஞர்கள்தான் ஹாட் ராடை, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரை, வளர்த்தெடுத்தார்கள்.

இத்தகைய வண்டியை இரும்பு தெரியும்வரை சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பதை என் மனம் ஏற்பதில்லை. இன்ஜினையும் பிரேக்கையும் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். தொழிற்சாலைப் பூச்சா, வண்டியை ஹாட் ராடாக மாற்றியவர் அடித்த பூச்சா என்று கேட்டால், நான் இரண்டாவதையே காப்பேன். அந்த வண்டியின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

அக்காலத்தில் பரவலாக அடிக்கப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் பெயின்ட் வகை. எத்தனை ஆண்டுகள் காய்ந்திருந்தாலும் தின்னர் பட்டால் அது மறுபடி கரைந்துவிடும் என்பதால், கிரீஸைத் துடைக்கக்கூடத் தின்னரைப் பயன்படுத்தக் கூடாது. மென்மையான சோப்புத் தண்ணீரே போதும். கதவு விளிம்புகளில் பூச்சு மெலிந்து அடியிலுள்ள பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் முதல் பூச்சு) லேசாகத் தெரியும். அங்கே பாலிஷ் மெஷினை வைக்காமல், கையாலேயே மெழுகு தடவ வேண்டும். மேலே பிற்காலப் பூச்சு இருந்தால், 2000 எண் வாட்டர் பேப்பரை (மிக நுண்ணிய உப்புத்தாளை) நனைத்துப் பொறுமையாகத் தேய்த்து அடியிலுள்ள பழைய பூச்சை மீட்கலாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. வெயிலிலும் குளிரிலும் விழுந்த நுண்வெடிப்புகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றை நிரப்ப முயன்றால் சுற்றியுள்ள பூச்சும் பெயர்ந்துவிடும்.