வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியர் பணி: போகும் முன் படித்ததும் போன பின் படித்ததும்

வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது. "புரிந்ததா?" என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "புரிந்தது" என்றார்கள். நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். போர்டில் நான் எழுதிப்போட்டதை எல்லோரும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். அதன் கீழே கேட்டிருந்த நான்கு கேள்விகளுக்கு ஐந்தாறு பேரைத் தவிர யாரும் பதில் எழுதவில்லை. வெளிநாட்டில் ஒரு கிராமப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தன்னார்வ ஆசிரியராகப் போன இரண்டாவது வாரம் அது. அப்போது எனக்கு 23 வயது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் பேசிய ஆங்கிலம் அவர்களுக்கு எட்டவில்லை. அவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டது எனக்கு எட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன். கணக்குப் பார்த்தால் கற்பித்த நேரத்துக்குச் சற்றும் குறையாமல் நான் உட்கார்ந்து படித்த நேரமும் இருக்கும். இப்படி ஒரு பணிக்கு விண்ணப்பித்துவிட்டு எதைப் படிப்பது, எப்படித் தயாராவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தப் படிப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கால அளவைப் பாருங்கள். 1961இல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வ அமைப்பான பீஸ் கோர் தன் தன்னார்வலர்களை 27 மாதங்களுக்கு அனுப்புகிறது. அதில் முதல் மூன்று மாதம் வெறும் பயிற்சி. அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். 1970இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பல நாட்டவரும் சேரலாம். இவற்றின் பெயரைச் சொல்வது விளம்பரத்துக்காக இல்லை. மொழி படிக்கவும் பள்ளியோடு பழகவும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் போட்ட கணக்கு அந்த 27 மாதத்தில் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வாரத்துக்குக் கற்பிக்க அனுப்பும் ஏற்பாடுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகளின் பெயர்கள் மனதில் பதிவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். அவர்கள் மறுபடி ஒரு புது முகத்தோடு முதல் பாடத்திலிருந்து தொடங்குவார்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் இல்லாத வேலைதானே என்று சுற்றுலா விசாவில் போகாதீர்கள். பல நாடுகளில் அது சட்டமீறல். மருத்துவக் காப்பீடு, காவல்துறை நற்சான்று இரண்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால் போய்ச் சேருவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு முன் சான்றிதழ் செல்லாது.

கற்பிக்கும் முறையைப் படிக்க நான் சேர்ந்தது கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA), ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கான சான்றிதழ்ப் பயிற்சி. குறைந்தது 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று கற்பிக்க வேண்டும், நான்கு கட்டுரைகளும் எழுத வேண்டும். கடைசியில் உட்கார்ந்து எழுதும் பெரிய தேர்வு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வகுப்பையும் பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுதுவார், அதுதான் தேர்வு. இதற்குப் படிப்பவர்களுக்கு என் ஒரே யோசனை: உங்கள் வகுப்பைப் பற்றிய குறிப்பை விட, உடன் படிப்பவர்களின் வகுப்பைப் பற்றிப் பயிற்றுநர் சொல்வதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நம் தவறு நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அதே தவறு பக்கத்தில் இருப்பவரிடம் தெரிந்துவிடும்.

அங்கே படித்தும் பரபரப்பில் மறந்துபோன ஒரு விஷயத்தை அந்த இரண்டாவது வாரம்தான் நினைவுபடுத்தியது. "புரிந்ததா?" என்பதற்கு ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, பாடத்துக்குள்ளிருந்தே சின்னக் கேள்வி கேட்க வேண்டும். இறந்தகாலம் நடத்தினால், "அவள் பள்ளிக்கு நடந்தாள். இப்போது நடந்துகொண்டிருக்கிறாளா? முடிந்துவிட்டதா?" என்று கேட்டால் யாருக்குப் பிடிபட்டது, யாருக்குப் பிடிபடவில்லை என்று முகத்திலேயே தெரியும்.

கேட்ட பின் காத்திருக்க வேண்டும். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அந்நிய மொழியில் கேட்கிற பிள்ளைக்கு அதற்கும் கூடுதலாக நேரம் வேண்டும். கேள்வியைத் தன் மொழிக்குக் கொண்டுபோய், பதிலைத் தேடி, திரும்பக் கொண்டுவர வேண்டுமே. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணப் பழகினேன். மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் கடைசி பெஞ்சில் இருந்த சிறுமி, ஒருநாள் நான் நான்கு எண்ணும்போது பதில் சொன்னாள். அந்தக் குரலை இன்றும் மறக்கவில்லை.

அடுத்தது உள்ளூர் மொழி. முதல் 12 வாரம், காலையில் பள்ளி, மாலையில் இரண்டு மணி நேரம் மொழி வகுப்பு. முடிவில் வாய்மொழித் தேர்வு. ஐரோப்பிய மொழித்தகுதிச் சட்டகத்தின் ஆறு நிலைகளில் இரண்டாவதான ஏ2 எட்ட வேண்டும். முதல் முறை எட்டவில்லை. காரணம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றிய அறிமுகத்தை இரண்டு பக்கத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தேர்வாளர் மூன்றாவது வாக்கியத்திலேயே நிறுத்தி, "நேற்று உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?" என்று கேட்டார். சொற்கள் தெரிந்திருந்தும் நாக்கில் வரவில்லை.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஆங்கிலம் படிப்பவர்கள் ஏ2 எட்ட வழிகாட்டலோடு 180 முதல் 200 மணி நேரம் ஆகலாம் என்று கேம்பிரிட்ஜ் சொல்கிறது. தாய்மொழிக்கு நெருக்கமான மொழி என்றால் குறையும், தூரமான மொழி என்றால் கூடும். எனக்குக் கிடைத்தது 120 மணி நேரம். மீதியை நானேதான் தேட வேண்டும். எட்டு வாரம் கழித்து மறுதேர்வு. தினம் விடிகாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். சாயங்காலத்தை நம்பாதீர்கள், பள்ளி முடிந்து வந்தால் தலை சுமையாக இருக்கும், துணி துவைக்க வேண்டும், மறுநாள் பாடம் எழுத வேண்டும், மின்சாரம் இருக்குமா என்பதும் தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டே வேலை. ஒன்று, ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை. ஐந்து அறைகள். புதிய சொல்லைச் சிறு அட்டையில் எழுதி முதல் அறையில் போட வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் மறுபடி முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின் அறைகளை நாள்விட்டு, வாரம்விட்டு. புத்தகத்தின் சொற்பட்டியலை விட்டுவிட்டேன். முந்தைய நாள் வகுப்பிலும் தங்கியிருந்த வீட்டிலும் காதில் விழுந்து புரியாமல் போன பத்துச் சொற்கள் மட்டும், அதுவும் கேட்ட வாக்கியத்தோடு. "அழிச்சுடாதீங்க, இன்னும் எழுதலை" என்று ஒரு பையன் கத்தியது என் முதல் அட்டைகளில் ஒன்று. அப்படி வந்த சொல் மறப்பதே இல்லை.

இன்னொன்று, முந்தைய நாள் நடந்ததைச் செல்போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்வது. தடுக்கும் இடத்தில் நிறுத்தாமல் தெரிந்த சொல்லை வைத்துச் சுற்றிப் பேசிவிட வேண்டும். பிறகு தடுக்கிய சொல்லை என்னோடு வகுப்பெடுத்த உள்ளூர் ஆசிரியரிடம் கேட்பேன். மறுதேர்வில் ஏறக்குறைய அதே கேள்வி வந்தது. தப்பும் தவறுமாகத்தான் பேசினேன், ஆனால் நிற்காமல் பேசினேன். தேறிவிட்டேன்.

அந்த உள்ளூர் ஆசிரியரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆரம்பத்தில் புது விளையாட்டுகளோடு வகுப்பை என் கையில் எடுத்துக்கொண்டேன், அவர் ஜன்னலோரம் நின்றார். அது பெரிய பிழை. நான் போன பிறகும் அந்த வகுப்பில் நிற்கப் போகிறவர் அவர்தான். இரண்டாம் பருவத்திலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் சேர்ந்து எழுதினோம்: இலக்கணம் அவர், பேச்சுப் பயிற்சி நான். எந்தப் பிள்ளை எதனால் நேற்று வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அது எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத அறிவு.

தனிமை வரும், தயாராக இருங்கள். எனக்கு ஏறக்குறைய நான்காவது மாதத்தில் வந்தது. புதுமை தீர்ந்துவிட்டது, மொழி இன்னும் முழுதாக வரவில்லை, வீட்டு நினைவு மட்டும் இருந்தது. தினமும் வீட்டுக்கு மணிக்கணக்கில் போன் பேசியது அதை அதிகமாக்கியது. வாரம் இரண்டு நாள் என்று குறைத்துக்கொண்டு, மாலையில் தங்கியிருந்த வீட்டுக் குழந்தையோடு வாசலில் உட்கார்ந்தேன். மூன்று வயதுக் குழந்தை பிழை திருத்தத் தயங்காது.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பெற்றோர் அனுமதியின்றிப் படம் எடுத்துப் பகிரக் கூடாது. யாராவது அடிப்பதைப் பார்த்தால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகளை வன்முறையிலிருந்து காப்பது 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு. போன முதல் நாளே அந்தப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பிருந்து நான் கற்பிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பேச்சுப் பயிற்சியையும் உள்ளூர் ஆசிரியரே எடுக்க, நான் ஜன்னலோரம் நின்றேன். என் அட்டைப்பெட்டியைக் காலி செய்து அவரிடம் கொடுத்தேன். அதைப் பிள்ளைகளின் ஆங்கிலச் சொற்களுக்கு வைத்துக்கொண்டார். கடைசி நாள் எட்டிப் பார்த்தபோது ஐந்தாவது அறையில் 62 அட்டைகள் இருந்தன, எல்லாம் அவர்கள் கையெழுத்தில்.