யாதும் சுவடு படாமல்: திருவையாற்றில் ஆடி அமாவாசை

ஆடி அமாவாசையன்று திருவையாற்றுக்கு வருகிறவர்களில் பலர் காவிரியில் நீராடி, முன்னோர்க்குரிய கடன்களைச் செலுத்திவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். இரவு வரை தங்குகிறவர்கள் அப்பருக்காக, அவர் இவ்வூரில் பெற்ற கயிலைக் காட்சியின் விழாவுக்காகத் தங்குகிறவர்கள். இம்முறை நானும் அவர்களுள் ஒருவனாகப் புஷ்ய மண்டபப் படித்துறையில் நீராடிவிட்டு ஐயாறப்பர் கோயிலுக்குள் நுழைந்தேன்.

அப்பர் என்கிற நாவுக்கரசரின் வாழ்வில் வியப்புகளுக்குப் பஞ்சமில்லை. சூலை நோய் அவரைத் தமக்கை திலகவதியாரிடம் திருப்பிக் கொணர்ந்ததும், நீற்றறையிலிருந்து (சுண்ணாம்புக் காளவாயிலிருந்து) உயிரோடு மீண்டதும், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்டும் கரையேறியதும் யாவரும் அறிந்தவை. ஆனால் அவையெல்லாம் நோயாலும் பிறராலும் அவருக்கு நேர்ந்தவை. கயிலை யாத்திரையோ, முதுமையில் அவர் தாமே விரும்பி மேற்கொண்டது.

திருக்காளத்தியில் வழிபட்டு நின்றபோது எழுந்த அந்த வேட்கை, திருப்பருப்பதம் (ஸ்ரீசைலம்), தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம் எனக் கடந்து காசி வரை அவரைக் கொண்டு சென்றதாகச் சேக்கிழார் பாடுகிறார். காசியில் உடன் வந்த அடியார்களை விட்டுத் தனியே நடந்தார். பாதங்கள் பரடு (கணுக்கால்) வரை தேய்ந்தபின் கைகளால் தாவிச் சென்றார். கைகளும் மணிக்கட்டு வரை கரைந்தபின் மார்பால் ஊர்ந்தார். மார்பும் நைந்து எலும்பு முறிந்தபின் புரண்டார். புரளவும் இயலாத நிலையில் வழியிலேயே கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிடர்க்குக் கயிலை எய்தற்கரியது, திரும்பிச் செல்க என்று சொன்னபோது அவர் தந்த மறுமொழி, "ஆளும் நாயகன் கயிலையில் இருக்கை கண்டல்லால் மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்" என்பது. அதன் பின்னரே அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு அருள் கிடைத்தது. அவ்வாறு எழுந்தவர் கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலேயே கண்டார்.

திருவையாறு இருக்கக் கயிலைக்கு ஏன் போகவேண்டும் என்று இவ்வரலாற்றைக் காட்டிச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காவிரிக்கரையிலேயே வாழ்ந்திருந்தால் கிடைத்திருக்கும் காட்சியாகச் சேக்கிழார் இதைச் சொல்லவில்லை. தேய்வதற்கு உடலில் ஒன்றும் மிஞ்சாத இடத்தில்தான் அந்தப் பொய்கையை வைக்கிறார்.

கயிலையின் பெயரைத் தாங்கிய இரண்டு கோயில்கள் இவ்வளாகத்திலேயே உள்ளன. வடகயிலாயம் முதலாம் இராசராசனின் தேவி உலகமாதேவி எடுப்பித்தது. தென்கயிலாயம் இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி எடுப்பித்தது. சோழர் கட்டுமானத்தில் ஈடுபாடுள்ளவர்கள் இவற்றுக்கென்று தனியே நேரம் ஒதுக்கவேண்டும். ஐயாறப்பர் கருவறையை ஒட்டிய உட்சுற்றில் மட்டும் வலம் வரும் வழக்கமில்லை. இறைவனின் சடை அங்கே பரந்து கிடப்பதாக நம்பிக்கை. வெளித் திருச்சுற்றில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று அழைத்தால் குரல் எதிரொலிக்கும். பிள்ளைகள் அங்கிருந்து நகர மறுத்தார்கள். பெரியவர்களும் அவ்வளவு எளிதில் நகரவில்லை.

இரவில் கயிலைக் காட்சிக்கான தீபாராதனையின்போது ஓதுவார் "மாதர்ப் பிறைக்கண்ணியானை" என்று தொடங்கினார். நான்காம் திருமுறையிலுள்ள இப்பதிகத்தில், உடல் முழுவதையும் வழியில் தேய்த்தவர், "யாதும் சுவடு படாமல்" ஐயாறு அடைந்ததாகப் பாடுகிறார். அடைந்ததும் அவர் கண்ணில் பட்டவை பிடியோடு வரும் களிறு, பெடையோடு கூடிவரும் கோழி, மயில், நாரை, கிளி, ஏறு. எந்த ஊரிலும் காணக்கூடிய சேவலையும் எருதையும் கண்டு, "கண்டறியாதன கண்டேன்" என்கிறார். அந்த அடி பாட்டுக்குப் பாட்டு திரும்பி வந்தபோது கூட்டமும் ஓதுவாரோடு சேர்ந்து பாடியது. எனக்கு அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் ஏட்டைப் பார்க்காமலே பதிகம் முழுவதையும் பாடி முடித்தார்.